மீனும் விருந்தாளியும், மூன்றாம் நாளும்

"மீனும் விருந்தாளியும் மூன்று நாளில் நாறும்" என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அது பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னது என்கிறார்களே, உண்மையா? மூன்று நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மீனை ஏன் இழுத்தார்கள்? நம்முடைய "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பதும் இதுவும் ஒன்றுதானா? இவைதான் கேள்விகள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிராங்க்ளின் அதை அச்சில் போட்டவர், உண்டாக்கியவர் இல்லை. அவருக்கு ஆயிரத்து தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரி நாடக மேடையில் இந்த மூன்று நாள் கணக்கு இருந்தது. அங்கே மீன் இல்லை, மீன் பிறகு வந்து சேர்ந்தது. இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பழைய சான்றுகளைப் பார்த்தால், இந்தக் கணக்கைப் பெரும்பாலும் விருந்தாளிதான் போடுகிறான், அல்லது விருந்தாளியைப் பார்த்துத்தான் அது சொல்லப்படுகிறது. வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டு சொல்லும் வசனமாக அதை நாம் இன்று கேட்கிறோம். அது பிறந்த விதம் அப்படி இல்லை.

பிராங்க்ளினிடமிருந்து தொடங்குவோம். பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்திக்கொண்டிருந்த அவர் 1733 முதல் 1758 வரை ஆண்டுதோறும் 'புவர் ரிச்சர்ட்ஸ் அல்மனாக்' என்ற பஞ்சாங்கத்தை வெளியிட்டார். ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்பது அதில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். சூரிய உதயம், பிறை, வானிலைக் குறிப்பு என்று ஒரு பஞ்சாங்கத்தில் இருக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் பிரதிகள் விற்றதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். வேறு புத்தகமே வாங்காத எளிய மக்களின் கையிலும் இது இருக்கிறது என்று கண்டு, தேதிகளுக்கு நடுவே காலியாகக் கிடந்த இடங்களில் பழமொழிகளைப் போட்டு நிரப்பியதாகவும் அவரே சொல்கிறார். அப்படி நிரப்பியவற்றில் ஒன்றுதான் 1736-ம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் வந்த நமது மீன் வாசகம். முதல் ஆண்டான 1733-லேயே இதன் இன்னொரு வடிவத்தைப் போட்டிருந்தார். மூன்று நாளில் ஆண்களுக்குச் சலித்துப்போவது பெண், விருந்தாளி, மழை என்று எதுகை போட்ட வரி அது. இன்றைக்கு அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நல்லதுதான்.

பழமொழிகள் தன் சொந்தச் சரக்கு என்று பிராங்க்ளின் எங்கும் சொல்லவில்லை. 1758-ம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் முன்னுரையில், இந்த அறிவுரைகளில் பத்தில் ஒரு பங்குகூட என்னுடையதில்லை, எல்லாக் காலத்து எல்லா நாட்டு மக்களும் சொன்னதிலிருந்து பொறுக்கியவை என்று ரிச்சர்டின் வாயால் சொல்லவைத்தார். அவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் நாம் விடாமல் அவர் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்றால் அது அவர் குற்றமில்லை. ஒரு பொன்மொழிக்கு அடியில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால்தான் நமக்குத் திருப்தி.

அவருக்கு முன்னால் இங்கிலாந்தில் யார் சொன்னார்கள்? 1580-ல் ஜான் லிலி எழுதிய உரைநடைக் கதையில், மீனும் விருந்தாளியும் மூன்று நாளில் பழசாகிவிடும் என்று எங்கள் ஏதென்ஸில் சொல்வோம் என ஒரு பாத்திரம் பேசுகிறது. 1648-ல் வெளியான ராபர்ட் ஹெரிக்கின் கவிதைத் தொகுப்பில் இது இன்னும் சுவாரசியமான இடத்தில் வருகிறது. சர் லூயிஸ் பெம்பர்ட்டன் என்ற பிரபுவின் விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதிய கவிதை அது. உன் வீட்டு வாசலில், "இரண்டு நாள் தின்றாயிற்று, மூன்றாம் நாள் விருந்தாளியும் மீனும் வாடை அடிக்கும் என்று தெரியுமல்லவா, கிளம்பு, வேறு அடுப்பைப் பார்" என்று விரட்டுகிற காவல்காரன் கிடையாது என்று பாராட்டுகிறார் ஹெரிக். கவனித்துப் பாருங்கள். மீன் பழமொழியை வீட்டு ஆள் விருந்தாளியைப் பார்த்துச் சொல்வது கெட்ட வீட்டின் அடையாளமாக அந்தக் கவிதையில் நிற்கிறது. நல்ல வீட்டில் அந்தப் பேச்சே எழாது. ஹெரிக் காலத்து வாசகருக்கு அந்த வேறுபாடு சொல்லாமலே புரிந்திருக்கும்.

இன்னும் பின்னால் போனால் ரோமானிய நாடகாசிரியர் ப்ளாட்டஸ். கி.மு. 205 வாக்கில் அவர் எழுதிய 'மீலெஸ் குளோரியோசஸ்' என்ற நகைச்சுவை நாடகம் எபேசஸ் நகரில் நடக்கிறது. காதலியைத் தேடி அங்கே வந்த ப்ளூசிக்ளெஸ் என்ற இளைஞன், தன் தந்தையின் நண்பரான ஒரு முதியவர் வீட்டில் தங்குகிறான். அவர் பெயர் பெரிப்ளெக்டோமெனஸ், கல்யாணம் செய்துகொள்ளாதவர், தாராள மனசுக்காரர். நமக்கு வேண்டிய வரியை அந்த இளைஞன்தான் பேசுகிறான். எவ்வளவு நெருங்கிய நண்பன் வீடாக இருந்தாலும், மூன்று நாள் தொடர்ந்து தங்கிவிட்டால் விருந்தாளி வெறுப்புக்கு ஆளாகாமல் தப்ப முடியாது, பத்து நாள் ஆகிவிட்டால் அது ஓர் இலியட் அளவுக்கு நீண்ட வெறுப்புக் காவியம் என்கிறான். அடுத்து அவன் சொல்வதுதான் எனக்கு இந்த விஷயத்தின் உயிர்நாடி. வீட்டு எஜமானர் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டாலும் அடிமைகள் முணுமுணுப்பார்கள்.

ஆக, நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றில் இதைச் சொல்பவன் விருந்தாளி. சங்கடப்பட்டுச் சொல்கிறான், வீட்டுக்காரருக்குத் தன்னால் செலவும் தொல்லையும் என்று கூசிச் சொல்கிறான். வீட்டுக்காரரோ நேர் எதிராகப் பேசுகிறார். கெட்ட மனைவிக்கும் பகைவனுக்கும் செய்வதுதான் செலவு, நல்ல விருந்தாளிக்கும் நண்பனுக்கும் செய்வது வரவு என்பது அவர் கணக்கு. அடிமைகளைப் பற்றி அவன் கவலைப்படும்போது, அவர்கள் எனக்கு வேலை செய்ய இருப்பவர்கள், நான் அவர்களுக்குக் கட்டுப்பட்டவன் இல்லை என்று தள்ளிவிடுகிறார். தாராளம் பேசுவது வரவேற்பறை, உழைப்பது அடுக்களை. விருந்தாளிக்கு அடுக்களையின் குரல் கேட்டிருக்கிறது, எஜமானருக்குக் கேட்கவில்லை. ஒரு கேலி நாடகத்தின் நடுவில் இவ்வளவு நுட்பமாக இதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் ப்ளாட்டஸ்.

மீன் எப்படி உள்ளே வந்தது? இதே ப்ளாட்டஸ் இன்னொரு நாடகத்தில், காதலனும் மீனைப் போலத்தான், புதிதாக இருந்தால்தான் மதிப்பு என்று ஒரு தரகியைப் பேசவைக்கிறார். இந்த இரண்டும் தனித்தனியாக இருந்தவை. பிற்கால ஐரோப்பாவில் மூன்று நாளும் மீனும் விருந்தாளியும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துகொண்டன. லத்தீனில் எதுகையோடு ஒரு வரி உண்டு, ஸ்பானிய மொழியில், இத்தாலிய மொழியில், ஜெர்மனில், போலிஷில் எல்லாம் அதே பழமொழி இருக்கிறது. இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமான சரக்கு இல்லை இது.

சரி, ஏன் மூன்று? மூன்று என்பது எல்லாக் கதையிலும் வரும் எண்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த மூன்று, சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்த மூன்று.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கென்ட் என்று ஒரு தனி அரசு இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை ஆண்ட ஹ்லோத்ஹெரே, எயட்ரிக் என்ற இரண்டு அரசர்களின் பெயரில் ஒரு சட்டத் தொகுப்பு இருக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒருவனையோ வியாபாரியையோ ஒருவர் தன் வீட்டில் மூன்று இரவு வைத்து, தன் சோற்றைப் போட்டு, அதன் பிறகு வந்தவன் யாருக்காவது தீங்கு செய்தால், இடம் கொடுத்தவர் அவனை நீதிக்கு முன் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஈட்டுத்தொகையைத் தானே கட்ட வேண்டும் என்கிறது அது. நார்மன் படையெடுப்புக்குப் பிறகு பன்னிரண்டாம் நூற்றாண்டில், எட்வர்ட் அரசரின் பழைய சட்டங்கள் என்று எழுதப்பட்ட தொகுப்பில் இதே வழக்கம் இன்னும் கச்சிதமாக இருக்கிறது: இரண்டு இரவு விருந்தாளி, மூன்றாம் இரவு வீட்டு ஆள்.

மூன்றாம் இரவில் என்ன மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் போலீஸ் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. வழிப்போக்கன் யார், எந்த ஊர், யாருடைய ஆள் என்று தெரியாது. இரண்டு நாள் வரை அவன் கடவுள் பொறுப்பு, ஊர்ப் பொறுப்பு. மூன்றாவது இரவும் உங்கள் கூரைக்குக் கீழ் தூங்கினால் அவனுக்கு நீங்கள் பொறுப்பு. அவன் செய்த கொலைக்கும் திருட்டுக்கும் உங்கள் மாடும் நிலமும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு படபடத்தது என்றால் அது கஞ்சத்தனத்தால் இல்லை. அதே சட்டத்தின் மறுபக்கமும் முக்கியம். மூன்றாம் இரவு விருந்தாளிக்குக் கிடைப்பது அவமானம் இல்லை, உறுப்பினர் தகுதி. அவன் இப்போது அந்த வீட்டைச் சேர்ந்தவன். அப்போது அவனும் வீட்டு வேலையில் கைகொடுப்பான் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே.

ஆதி கிறித்தவ சபைகளுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. 'டிடாக்கே' என்று கிரேக்க மொழியில் ஒரு சிறிய கையேடு உண்டு. பல நூற்றாண்டுகள் தொலைந்து கிடந்து, 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் அப்போஸ்தலர்களை எப்படி நடத்த வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. வருகிறவரை ஆண்டவரைப் போல வரவேற்க வேண்டும். அவர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. சாதாரண வழிப்போக்கருக்கு இரண்டு அல்லது மூன்று நாள். அதற்கு மேல் இருக்க விரும்பினால் தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிடட்டும். ஏழை சபைகளின் உலை அரிசியைக் காப்பாற்ற எழுதிய விதி இது என்பது படிக்கும்போதே தெரியும்.

வடக்கே ஐஸ்லாந்தில், எகில் என்ற கவிஞரைப் பற்றிய சாகா என்னும் பழைய உரைநடைக் கதையில், அவரைப் பார்க்க இன்னொரு கவிஞர் வருகிறார். எகில் ஊரில் இல்லை. வந்தவர் மூன்று இரவு காத்திருக்கிறார், அதற்கு மேல் தங்கும் வழக்கம் இல்லை என்பதால் கிளம்பிவிடுகிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கொண்டுவந்த விலையுயர்ந்த கேடயத்தை எகிலின் படுக்கைக்கு மேல் மாட்டிவிட்டுப் போகிறார். ஹாவமால் என்ற பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) நீதிப்பாடல் இதையே விருந்தாளிக்கு அறிவுரையாகச் சொல்கிறது: கிளம்ப வேண்டும், ஒரே இடத்தில் விருந்தாளியாகவே இருந்துவிடக் கூடாது, அடுத்தவர் வீட்டுப் பலகையில் நெடுநாள் உட்கார்ந்தால் பிரியமானவனும் வெறுக்கப்படுவான்.

இஸ்லாமிய மரபில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களுக்கு நன்றாகத் தெரிந்த நபிமொழி: விருந்து மூன்று நாள், அதில் முதல் ஒரு பகலும் இரவும் சிறப்பு உபசாரம், மூன்று நாளுக்கு மேல் செய்வது தர்மம், விருந்தளிப்பவருக்கு நெருக்கடி ஏற்படும் அளவுக்குத் தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகாது. ஒரே வாக்கில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியிருப்பதைப் பாருங்கள். மூன்று நாள் என்பது விருந்தாளியின் உரிமை, அதை யாரும் மறுக்க முடியாது. மூன்று நாளுக்குப் பிறகு கிளம்புவது அவன் கடமை. ஆங்கிலப் பழமொழியில் உரிமைப் பாதி உதிர்ந்துபோய்க் கடமைப் பாதி மட்டும், அதுவும் கேலியாக, மிஞ்சியிருக்கிறது.

எல்லா மரபிலும் எண் மூன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். மனுஸ்மிருதி ஓர் இரவு தங்குபவனைத்தான் அதிதி என்கிறது.

மீனைப் பற்றிக் கொஞ்சம். கடல் மீனின் உடம்பில், உப்புத் தண்ணீரைத் தாக்குப்பிடிப்பதற்காக டிரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கும். அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமைன் ஆக மாற்றுகின்றன, மீன் வாடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதுதான். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியை விட மீன் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம், அதன் மேல் வாழும் பாக்டீரியாக்கள் குளிர்ந்த நீருக்குப் பழகியவை. குளிர்ச்சியான நிலவறையில் வைத்தாலும் அவை தம் வேலையை நிறுத்துவதில்லை. ஐஸ் போடாத காலத்தில், இங்கிலாந்தின் குளிருக்கு மூன்று நாள் என்பது ஏறக்குறைய சரியான கணக்கு. நம் கடற்கரையில் அந்தப் பழமொழி பிறந்திருந்தால் மூன்று வேளை என்றுதான் இருந்திருக்கும். (புளியோ எலுமிச்சையோ சேர்த்தால் வாடை அடங்குவதும் இதனால்தான். அமிலம் அந்த அமைனைப் பிடித்துக்கொள்கிறது.) வெள்ளிக்கிழமையும் தவக்காலத்திலும் இறைச்சி தொடாத ஐரோப்பாவில் கடலுக்குத் தூரத்து ஊர்க்காரரும் மீன் வாங்கியாக வேண்டும். இங்கிலாந்தில் மீனவர்களையும் கப்பல் தொழிலையும் காப்பாற்ற 1563-ல் ஒரு சட்டம் போட்டுப் புதன்கிழமையையும் மீன் நாளாக்கினார்கள். பழைய மீனின் வாடை அங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் உவமை இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது.

இனி, அளவுக்கு மீறித் தங்கிய விருந்தாளிகளில் மிகப் பிரபலமான ஒருவரின் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் ஒரு பக்கமாகவே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன், குழந்தைக் கதைகளால் ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்றவர், 1847-ல் லண்டனில் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸைச் சந்தித்தார். டிக்கன்ஸ் மேல் அவருக்கு இருந்தது கிட்டத்தட்ட பக்தி. பத்து ஆண்டு கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, 1857 ஜூன் 11-ம் தேதி, கென்ட்டில் ராச்செஸ்டர் பக்கத்தில் டிக்கன்ஸ் புதிதாக வாங்கியிருந்த கேட்ஸ் ஹில் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். ஒன்றிரண்டு வாரம் தங்குவதாக ஏற்பாடு. ஐந்து வாரம் தங்கினார். அவர் போன பிறகு அந்த அறையின் கண்ணாடியில் டிக்கன்ஸ் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: "ஹான்ஸ் ஆண்டர்சன் இந்த அறையில் ஐந்து வாரம் தூங்கினார், எங்கள் குடும்பத்துக்கு அது யுகங்களாகத் தோன்றியது."

அந்த ஐந்து வாரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஆண்டர்சன் வருவதற்கு மூன்று நாள் முன்னால் டிக்கன்ஸின் நண்பரான எழுத்தாளர் டக்ளஸ் ஜெரால்ட் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட டிக்கன்ஸ் நாடகம் போட ஓடிக்கொண்டிருந்தார், தானே அதில் முக்கிய வேடம். விக்டோரியா அரசி பார்க்க ஜூலை 4-ம் தேதி ஒரு தனிக் காட்சி நடந்தது. டிக்கன்ஸின் மகன் வால்டர், பதினாறு வயதுப் பையன், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து ஜூலை 20-ம் தேதி இந்தியாவுக்குக் கப்பலேற இருந்தான். மே மாதம்தான் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை திரும்பி வரவே இல்லை, 1863-ன் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்தான். டிக்கன்ஸுக்கும் மனைவி கேத்தரினுக்கும் இடையே உறவு முறிந்துகொண்டிருந்தது, அடுத்த ஆண்டு பிரிந்துவிட்டார்கள். இதில் எதுவும் ஆண்டர்சன் கண்ணுக்குத் தெரியவில்லை. மனமொத்த குடும்பம் என்றே நினைத்தார்.

அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. வீட்டில் யாருக்கும் டேனிஷ் தெரியாது. தினமும் காலையில் வீட்டு மகன்களில் ஒருவர் தனக்குச் சவரம் செய்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தார், பையன்கள் மிரண்டுபோனார்கள். கடைசியில் ராச்செஸ்டரில் ஒரு நாவிதரிடம் தினமும் அனுப்பிவைத்தார்கள். தன் புத்தகத்தைப் பற்றி மோசமான விமர்சனம் ஒன்று வந்தபோது புல்தரையில் குப்புற விழுந்து அழுதார். அப்போது டிக்கன்ஸ் அவரைத் தேற்றியதை ஆண்டர்சனே பிறகு எழுதியிருக்கிறார். மண்ணில் காலால் ஏதோ எழுதி, இதுதான் விமர்சனம் என்று சொல்லி, காலாலேயே அழித்துக் காட்டினாராம். டிக்கன்ஸ் நல்ல வீட்டுக்காரராகவே நடந்துகொண்டார் என்பதற்கு இது போதும். கடைசி நாளில் தானே வண்டியில் மெய்ட்ஸ்டோன் ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டார். ஆனால் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் விருந்தாளியால் தவிக்கிறோம் என்று புலம்பினார். மகள் கேட், எலும்பும் தோலுமான அறுவை, போகவே மாட்டேன் என்று இருந்தார் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஊர் திரும்பிய ஆண்டர்சனுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. சேர்ந்து இருந்த நாட்களில் என்னிடம் கண்ட குறைகளை மறந்துவிடுங்கள் என்று எழுதினார். டிக்கன்ஸ் மரியாதையாக ஒரு பதில் போட்டார், பிறகு கடிதங்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று ஆண்டர்சனுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

இதில் யார் மேல் குறை? ஐந்து வாரம் அதிகம், சந்தேகமில்லை. அதே சமயம், என்று கிளம்புகிறீர்கள் என்று ஐந்து வாரத்தில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. கண்ணாடியில் எழுதிய குறிப்பை ஆண்டர்சன் பார்க்கவே இல்லை, அது வீட்டாரின் ஆறுதலுக்காக எழுதியது. மொழி தெரியாத ஊரில் மனிதர்களின் முகக்குறிப்பும் படிக்க வராது. ஊர் வழக்கம் என்று ஒன்று உறுதியாக இருந்திருந்தால், எகிலைப் பார்க்க வந்த கவிஞரைப் போல அவரும் தானாகவே எண்ணிக் கிளம்பியிருப்பார், பழகிய நட்பும் தப்பியிருக்கும். மூன்று இரவு பற்றிய அந்தப் பழைய கென்ட் சட்டம் இன்று நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில். 1120-களில் அது எழுதப்பட்டது ராச்செஸ்டர் தேவாலயத்தில். ஆண்டர்சன் தினமும் சவரம் செய்துகொள்ளப் போன அதே ஊர்.

அடிமைகள் முணுமுணுப்பார்கள் என்ற ப்ளாட்டஸின் வரிக்கு அமெரிக்காவில் ஒரு நேரடி உதாரணம் இருக்கிறது. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து ஜார்ஜ் வாஷிங்டன் 1783 டிசம்பரில் மவுண்ட் வெர்னன் வீட்டுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு தெரிந்தவர், தெரியாதவர், சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர் என்று ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். 1785 ஜூன் 30-ம் தேதி அவர் நாட்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: இன்று மனைவியும் நானும் மட்டும் சாப்பிட்டோம், பொதுவாழ்விலிருந்து விலகிய பிறகு இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். ஒன்றரை ஆண்டில் முதல் முறை! தன் வீட்டை அவரே ஒரு சத்திரத்துக்கு ஒப்பிட்டார். வாஷிங்டன் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அடுப்பு மூட்டியவர்கள், படுக்கை விரித்தவர்கள், குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர்கள் அந்தப் பண்ணையின் அடிமைகள். 1799-ல் அவர் இறந்தபோது அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். நான்காம் நாள் விருந்தாளியைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்த நாட்குறிப்பும் பதிவு செய்யவில்லை. விருந்தின் சுமையை எடைபோட வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அடிமைமுறை ஒழிந்த பிறகும் பெரும்பாலான வீடுகளில் தாராளம் ஒருவருடையது, இடுப்பு வலி இன்னொருவருடையது.

பிராங்க்ளினும் பிற்காலத்தில் நெடுநாள் விருந்தாளியாக இருந்தவர்தான். அமெரிக்கப் புரட்சிக்கு பிரான்ஸின் ஆதரவைத் தேடிப் போன அவருக்கு, பாரிஸை ஒட்டிய பாஸியில் ல ரே த ஷோமோன் என்ற செல்வந்தர் தன் மாளிகை வளாகத்தில் இடம் கொடுத்தார், ஆரம்பத்தில் வாடகைகூட வாங்காமல். 1777-லிருந்து 1785 வரை பிராங்க்ளின் அங்கே இருந்தார். இரண்டு பேருக்கும் அதில் பலன் இருந்தது, ஒரு நாட்டின் விடுதலைக்கும் அது உதவியது.

இப்போது நம்முடைய பழமொழி. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பதில் எண் ஒன்றுதான், மனநிலை வேறு. மருந்து நல்ல பொருள், அளவுக்கு மேல் போனால் தீங்கு. அதோடு விருந்தைச் சேர்த்தவர்கள் விருந்தாளியைக் கெட்டுப்போகும் பொருளாகப் பார்க்கவில்லை. விருந்து என்ற சொல் சாப்பாட்டையும் குறிக்கும், வந்தவரையும் குறிக்கும் என்பதால் இதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாளுக்கு மேல் தங்காதே என்று விருந்தாளிக்குச் சொல்வதாக ஒன்று. மூன்று நாள் வடை பாயசம், நான்காம் நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் சாப்பிடும் குழம்பும் பழைய சோறும் உனக்கும், நீயும் இனி வீட்டு ஆள் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது அர்த்தம் "மூன்றாம் இரவு வீட்டு ஆள்" என்ற பழைய ஆங்கிலச் சட்டத்துக்கு மீனை விட நெருக்கமாக இருக்கிறது. குறளிலும் விருந்தாளி போவது குறையாகத் தெரியவில்லை. "செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்" என்னும்போது, வந்தவர் போவார், அடுத்தவர் வருவார் என்பது இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் போனால்தான் அடுத்தவருக்குப் பாய் விரிக்க முடியும்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போகிறவர்கள், அல்லது பெற்றோரை அழைக்கிறவர்கள். அங்கே யாராவது இந்தப் பழமொழியைச் சொன்னால் நம்மைக் குத்திப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெற்ற பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருப்பவர்களைப் பற்றியது அல்ல இது, அவர்கள் மூன்றாம் இரவைத் தாண்டிய வீட்டு ஆட்கள். நண்பர்களாகவும் தூரத்து உறவாகவும் போய்த் தங்குவோரைப் பற்றியது.

இதை ஆங்கிலத்தில் பேசும்போது இரண்டு மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். 'ஓவர்ஸ்டே', 'அவுட்ஸ்டே' என்பதை 'வெல்கம்' (வரவேற்பு) என்ற சொல்லோடு சேர்த்துச் சொன்னால் காலம் மீறித் தங்கியதை மட்டும் குறிக்கும். விசா முடிந்த பிறகும் இருப்பதற்கும் அதே ஓவர்ஸ்டேதான். 'வேர் அவுட் யுவர் வெல்கம்' என்றால் நாள் கணக்கு தேவையில்லை. இரண்டே மணி நேரத்தில்கூட, ஓயாமல் கடன் கேட்டோ அரசியல் பேசியோ, ஒருவர் வரவேற்பைத் தேய்த்துவிடலாம். மீன் பழமொழியை மட்டும் வீட்டுக்காரராக இருந்து விருந்தாளியைப் பார்த்துச் சொல்லவே கூடாது. ஆங்கிலேயரும் அப்படிச் சொல்வதை முரட்டுத்தனமாகத்தான் கருதுவார்கள். விருந்தாளியாக இருக்கும்போது தாராளமாகச் சொல்லலாம். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்களேன் என்று அவர்கள் வற்புறுத்தும்போது, "நோ நோ, ஃபிஷ் அண்ட் கெஸ்ட்ஸ், த்ரீ டேஸ்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்தால், அவர்களும் சிரித்துக்கொண்டே கார் சாவியை எடுப்பார்கள்.